அமலி நடந்தால் வீதி நகரும்

என் மகள் அமலி முதல் அடி எடுத்து வைத்தபோது அவள் நகரவில்லை, எங்கள் வீதிதான் நகர்ந்தது. கிழக்குக் கோடியில், மழைத் தண்ணீர் ஓடுகிற பள்ளத்துக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கிற பூவாத்தா அக்காவின் ஓட்டு வீட்டில் தொடங்கி மேற்குக் கோடியில் ரயில் தண்டவாளத்தைப் பார்த்து முடிகிற கடைசிப் பட்டறை வரைக்கும், லேத்துகளும் மில்லிங் மெஷின்களும் உறுமிக்கொண்டிருக்கிற கீழ்த்தளங்களும், அவற்றின் தலைமேல் வாடகைக்குக் குடியிருக்கிற எங்களைப் போன்றவர்களின் மாடி வீடுகளும், நடுவில் நிற்கிற பிள்ளையார் கோயிலும் டிரான்ஸ்ஃபார்மரும் தண்ணீர்த் தொட்டியும், தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காக்கையும்கூட, எல்லாம் ஒரு குழந்தையின் பாத நீளத்துக்குக் கிழக்கே போய் நின்றன.

வீதிக்குள் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை, ஏனென்றால் எல்லாமே சேர்ந்து போயின. அடுப்பில் இருந்த பால் இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் சாய்ந்தது, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுச் சிணுங்கின, கீழே பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த ஜாப்பின் மேல், ஜாப் என்றால் மெஷினில் கட்டி வெட்டுகிற இரும்புத் துண்டு, தேவையில்லாத ஒரு கோடு விழுந்தது, அதற்குக் கரண்டைத் திட்டினார்கள். மாடி வராந்தாவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேற்கே ரயில் வருகிற பக்கம் பார்த்து அமலி இன்னும் ஓர் அடி வைத்தாள், இன்னும் ஓர் அடி வைத்தாள், நான் கை தட்டினேன், எந்தத் தாய்தான் தட்டமாட்டாள்.

என் வீட்டுக்காரர் சகாயம், கீழே குப்புராஜ் அண்ணனின் பட்டறையில் விஎம்சி என்கிற கம்ப்யூட்டர் மில்லிங் மெஷினை ஓட்டுகிறவர், அந்த நேரம் மெயின் ரோட்டு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு நின்றார். எங்கள் வீதியிலிருந்து ரோட்டுக்கு வருகிற சந்து பஸ் ஸ்டாப்புக்கு நேரெதிரே இருப்பது. அது அடி அடியாக விலகி பேக்கரிப் பக்கம் வருவதை அவர் பார்த்தார். மாடியில் குழந்தை கால் மாற்றி மாற்றி வைப்பதையும், அவள் தலை மட்டும் ரோட்டோரத்து விளக்குக் கம்பத்துக்கு நேராக வைத்தது வைத்தபடி இருப்பதையும், வராந்தாவும் வீடும் வீதியும் அவள் காலுக்கடியில் பின்னால் போவதையும் பார்த்தார். டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்து, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"ரெஜி, அவ நடக்கல. டேபிள்தான் நகருது."

டேபிள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு மத்தியானம், வலது கையை நீட்டி, கட்டைவிரல் எக்ஸ், ஆள்காட்டி விரல் ஒய், நடுவிரல் இசட் என்று மூன்றையும் மூன்று பக்கமாக விரித்துக் காட்டியிருக்கிறார். கட்டைவிரல் காட்டுகிற வலப்பக்கம் ப்ளஸ், அதற்கு எதிர்ப்பக்கம் மைனஸ். ப்ளஸ் எக்ஸ் என்று சொல்லி அவர் பட்டனை அழுத்தினால், ஜாப்பைக் கட்டி வைத்திருந்த இரும்பு மேஜை இடப்பக்கம் போனது. தப்பாகப் போகிறதே என்றேன். மேஜை எப்படிப் போனாலும் சரி, வெட்டுகிற டூல்தான் நகர்வதாக நினைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் இந்த மெஷின்களின் சட்டம், டூல் வலப்பக்கம் போனதாகக் கணக்கு என்றார். டூல் எங்கே போனது, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது என்று நான் விடாமல் கேட்டேன்.

"நீ வெளிய நின்னு பாக்கறே. ஜாப் மேல ஒரு எறும்பு உக்காந்திருக்குன்னு வெச்சுக்க. அதக் கேட்டா, டூல்தான் எம்பக்கம் வந்துச்சுன்னு சொல்லும்."

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சறுக்குவது இந்த இடத்தில்தானாம். மேஜை போகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, அதுதான் ப்ளஸ் என்று நினைத்து பட்டனை அழுத்தி, டூலைக் கொண்டுபோய் ஜாப்பில் மோதி உடைத்துவிட்டு, மெஷின் சரியில்லை என்பார்களாம்.

எங்கள் வீதி லேத்துக்காரர்களின் வீதி, அதனால் அமலியின் நடையை அது அதிகம் யோசிக்காமல் ஏற்றுக்கொண்டது. ஏன் இந்த வீதி மட்டும், சர்ச்சுக்கோ கடைக்கோ கூட்டிப்போனால் ஏன் அவள் மற்றக் குழந்தைகளைப் போல நடக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை, பதிலாக, கம்பத்திலிருந்து வருகிற கரண்டு வயரை ஒரு சுற்று தாராளமாக விட்டுக் கட்டினார்கள், பெண்கள் அலமாரித் தட்டுகளில் பழைய ரப்பர் விரித்தார்கள், பட்டறைக்காரர்கள் அவளுக்குச் சத்தம் போடுகிற கொலுசாகப் பார்த்து வாங்கிப் போட்டார்கள், கொலுசு கேட்டதும் மெஷினை அப்படியே நிறுத்திப் பிடித்து, அவள் உட்கார்ந்த பிறகு ஓடவிட்டார்கள். வீதியின் இரண்டு கோடியிலும் இருந்த காலி இடங்கள், மெஷின் டேபிளின் இரண்டு பக்கமும் தொங்குகிற மடிப்புத் திரை போல ஒன்று சுருங்க ஒன்று விரிந்து ஈடுகொடுத்தன. அளக்க வந்த சர்வேயர் காலையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டைச் சாயங்காலம் பேக்கரிக்காரரின் வாசலில் பார்த்துவிட்டு, டேப்பைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளை வளர்ந்ததும் வருகிறேன் என்று சொல்லிப் போனார். பிள்ளையார் இடம் மாறலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, அவர் கோயிலோடு வீதியோடுதானே போகிறார், தேர் நகர்ந்தால் சாமிக்குக் குறையா என்று பூசாரி சொல்லிவிட்டார். எங்கள் சர்ச் ஃபாதர் அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறதே, காய்ச்சலா என்று மட்டும் கேட்டார்.

உபயோகம் இருந்தவரைக்கும் அவள் எல்லாருக்கும் கண்ணு, சாமி, தங்கம். இரும்பு ராடு ஏற்றிவந்த லாரி சந்தில் திரும்பமுடியாமல் மாட்டிக்கொண்டால், டிரைவர் இறங்கி வந்து, அம்மிணி, பாப்பாவை நாலு எட்டு வைக்கச் சொல்லுங்க என்பார், ஒரு பன்னைக் காட்டினால் அவள் வைப்பாள், சந்து போய் லாரிக்கு முன்னால் பொருந்தி நிற்கும். குப்புராஜ் அண்ணன், எங்கள் வீட்டுக்காரரின் முதலாளி, எங்கள் வீட்டு ஓனர், வீதிச் சங்கத்தின் தலைவர், மூன்றும் அவரே, வெளியூர் ஆட்களிடம் எங்க வீதி நீங்க வர்ற பக்கம் வந்து நிக்குமுங்க என்று பெருமை பேசுவார்.

எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு எதற்குத்தான் பயமில்லை. லேத்துகள் சீவிப்போட்டு வீதியெல்லாம் கிடக்கிற இரும்புச் சுருள்களுக்குப் பயம், மாடிப்படிக்குப் பயம், எல்லாவற்றுக்கும் மேலாக ரயிலுக்குப் பயம். அமலிக்கு ரயில்தான் உயிர். கீழே இறக்கிவிட்டால் மேற்கு முகமாகத்தான் நடப்பாள், தண்டவாளத்தைப் பார்த்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. நடக்க நடக்க வீதிதான் அவளுக்குப் பின்னால் போனதே தவிர, ரயில் அவளுக்கு இருந்த தூரத்திலேயே இருந்தது, பாவம், அதனால்தான் அவள் சலிக்காமல் நடந்தாள். அப்படி நடக்கிறவள் தண்டவாளத்தை ஒருநாளும் தொடப்போவதில்லை என்று கணக்குத் தெரிந்தவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் பயம் கணக்குக் கேட்கிறதா. வீதியின் கோடிக்கு அவள் போய்ச் சேர்ந்ததும் ஓடிப்போய் வாரித் தூக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். தூக்கி வருகிறபோது அவள் கால் தரையில் இல்லை, அதனால் வீதி அசையாது. மறுநாளும் அவள் மேற்கே நடப்பாள், வீதி கிழக்கே போகும், நான் தூக்கி வருவேன். அவள் தடுக்கி விழுந்தாலும் பக்கத்துப் பட்டறையிலிருந்து யாராவது ஓடிவந்து தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுப்பார்கள். அந்த வீதியில் அவளைத் தூக்காத கை இல்லை.

இப்படியே போய், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், பள்ளம் பூவாத்தா அக்காவின் பின்சுவருக்கு வந்துவிட்டது. பள்ளம் எங்கே வந்தது, வீதிதான் அங்கே போயிருந்தது. பூவாத்தா அக்கா தனிக்கட்டை. பட்டறைகளில் வெட்டியெடுத்த ஜாப்புகளின் ஓரத்துப் பிசிறை அரத்தால் ராவிக் கொடுத்துப் பிழைக்கிறவர். பின்பக்கம் பாத்திரம் கழுவ உட்கார்ந்தால் தண்ணீரை மொள்ளக்கூட எழவேண்டியதில்லை என்று முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு ஒரு நாள் சிரிக்காமல் சொன்னார்.

பிள்ளையார் கோயில் முன்னால் சங்கம் கூடியது. அவரவர் அவரவருக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். வயிற்றில் இருக்கும்போது தாய்க்காரி மாடிப்படி ஏறி இறங்கியதால் வந்தது என்றார் ஒருவர். எங்கள் வீட்டுக்கு வேறு எப்படி ஏறுவதாம், பறந்தா. கான்வென்ட்டில் படித்த பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரும், குழந்தை வளர்க்க வராது என்றார் இன்னொருவர். பேரை மாற்று, மொட்டை போடு, கால் பெருவிரலில் கறுப்புக் கயிறு கட்டு என்றார்கள். கடைசியில் குப்புராஜ் அண்ணன் எழுந்து, குழந்தையால் போன வீதியைக் குழந்தையாலேயே திருப்பி வைப்போம் என்றார், அதுவரைக்கும் சரியாகத்தான் சொன்னார்.

"வீதி மேக்க போகோணும். அப்ப பிள்ளைய மேக்கால நடக்க வைங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் மெஷின்காரர்கள். தூக்கத்தில் எழுப்பி ப்ளஸ் எக்ஸ் எந்தப் பக்கம் என்று கேட்டால் கண்ணைத் திறக்காமல் கட்டைவிரலைக் காட்டுகிறவர்கள். மேஜையைப் பார்க்காதே, டூல் நகர்வதாக நினை என்று புதுசாக வருகிறவர்களைத் தலையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தவர்கள். ஒரு குழந்தை விஷயத்தில் அதையெல்லாம் எங்கே கழற்றி வைத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை. நான் படித்த கான்வென்ட்டில் வராந்தாவில் போகும்போது சுவரோரமாக, ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக்கொண்டு போகவேண்டும். இத்தனை வருடம் கழித்தும், ஆண்கள் கூடிப் பேசுகிற இடத்தில் நின்றால் அந்த விரல் தானாக உதட்டுக்குப் போய்விடுகிறது. அன்றைக்கும் போனது. அதை எடுத்துவிட்டுத்தான் சொன்னேன்.

"அண்ணா, அவ மேக்க நடந்தா வீதி கெழக்க போகுங்க. இன்னும் பள்ளத்துக்குத்தான் போகும்."

குப்புராஜ் அண்ணன் கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல், சிரித்தார். "அம்மிணி, நாங்க மெஷினுக்குள்ளயே பொறந்து வளந்தவிங்க. நீ போயி கொழந்தைக்குச் சோறு பெசஞ்சு எடுத்தா. நெறையா நடக்கோணுமல்லோ."

என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார், முதலாளியைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

அன்று அவர்கள் என் குழந்தையை நடக்கவைத்தார்கள். மேற்கே ஒருவர் பன்னைக் காட்டிக்கொண்டு நிற்க, அவள் நடந்தாள்; கோடிக்குப் போனதும் ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு கிழக்கே ஓடிவந்து பூவாத்தா அக்காவின் வாசலில் இறக்கிவிட, மறுபடியும் நடந்தாள்; விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது, பிறகு சிணுங்கினாள், பன் போய் மிட்டாய் வந்தது, மிட்டாய் போய்க் கிலுகிலுப்பை வந்தது, பாதம் குங்குமம் பூசியது போலச் சிவந்தது. எல்லார் கண்ணும் அவள் காலில் இருந்தது. வீதி எந்தப் பக்கம் போகிறது என்று ஒருவராவது தலை நிமிர்ந்து பார்த்தாரா என்றால் இல்லை. கிழக்கேயிருந்து ஒரு பெரிய பெருமூச்சு போலச் சத்தம் கேட்டு, அதற்குப் பின்னால் பூவாத்தா அக்காவின் அலறல் கேட்ட பிறகுதான் பார்த்தார்கள். பின்சுவர் பள்ளத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. அக்காவின் பாத்திரங்களும், அரங்களும், ராவுவதற்கு மூட்டையில் வைத்திருந்த ஜாப்புகளும் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தன, ஒரு எவர்சில்வர் குடம் மட்டும் கொஞ்ச தூரம் மிதந்து எல்லாரையும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

அப்போதும் யாரும் நாம் தப்பாகச் செய்தோம் என்று சொல்லவில்லை. பிள்ளையின் கோளாறு என்றார்கள். சொன்ன பேச்சு கேட்காத கால் என்றார்கள். நடந்து நடந்து சிவந்து போன அந்தக் காலைத்தான் சொன்னார்கள்.

அவளைக் கூட்டிக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றேன். போகக்கூடாதாம், அவள் போய்விட்டால் வீதியை யார் திருப்பி வைப்பதாம், எப்படி என்று யோசிக்கிற வரைக்கும் இங்கேயேதான் இருக்கவேண்டுமாம், ஆனால் கால் தரையில் படக்கூடாதாம். அதற்காக குப்புராஜ் அண்ணன் ஒரு நாற்காலி செய்தார். வேலையில் அவரைக் குறை சொல்லமுடியாது. கனமான வார்ப்பு இரும்பு அடி, தரையோடு போல்ட் போட்டு முடுக்க நான்கு துளை, கணுக்காலைப் பிடிக்க இரண்டு கிளாம்ப், குழந்தைக்கு வலிக்கக்கூடாதென்று கிளாம்ப்புக்கு உள்ளே ரப்பர், வளர வளரத் தள்ளிவைத்துக்கொள்ளப் பள்ளமும் வெட்டியிருந்தார். புது மெஷின் இறக்கினால் செய்வது போல அதற்குச் சந்தனம் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, சூடம் காட்டி, நாலு பேராகத் தூக்கிவந்து எங்கள் வீட்டு நடு அறையில் வைத்தார்கள். எத்தனை வருடத்துக்கு என்று கேட்டேன். பொம்பளைப் பிள்ளைதானே, பெரியவளாகிறவரைக்கும் வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன கெட்டுப்போயிற்று என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"ஜாப்புன்னு இருந்தா கிளாம்ப் பண்ணித்தான் ஆகோணும் அம்மிணி," என்றார் குப்புராஜ் அண்ணன், பொறுமையாக.

அமலி என் இடுப்பில் இருந்தாள். நாற்காலியின் பொட்டைத் தொட்டு விரலை நக்கிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

"அவ ஜாப் இல்லீங்கண்ணா. ஜாப் நாமதான்."

யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் புரிந்தது, ஏனென்றால் அவர் தன் வலது கையைப் பார்த்தார்.

காலையில் வந்து போல்ட் முடுக்குவதாகச் சொல்லிப் போனார்கள். விடிவதற்குள் மழை வலுத்து, பள்ளம் பூவாத்தா அக்காவின் அடுக்களைக்குள் வந்துவிட்டது. முன் அறையும் போனால் அடுத்தது பக்கத்துப் பட்டறை, அதற்கடுத்தது இன்னொன்று. சங்கத்தார் மணல் மூட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் அமலியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மழையில் வீதியின் மேற்குக் கோடிக்குப் போய், அங்கே அவளை இறக்கிவிட்டு, முகத்தைக் கிழக்கே திருப்பினேன். அவள் திரும்பி ரயில் பக்கம் பார்த்தாள். மறுபடி திருப்பினேன், மறுபடி திரும்பினாள். கிழக்கே அவளுக்கு என்ன இருக்கிறது, சேறும் சத்தமும்தானே. என்னைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். பள்ளத்துப் பக்கமா பிள்ளையை விடுகிறாய் என்று கேட்டார்கள். மூளை பிசகிவிட்டதா என்று கேட்டார்கள்.

"தண்ணிப் பக்கமா பிள்ளைய ஏவி விடறவ ஒரு அம்மாளா?" என்று கத்தினார் குப்புராஜ் அண்ணன். அந்தக் கேள்வி எனக்குள்ளேயும் இருந்ததுதான், அவர் கேட்பதற்கு முன்னாலேயே.

வீதியின் அந்தக் கோடியிலிருந்து பூவாத்தா அக்காவின் குரல் வந்தது. சுவர் போன வீட்டின் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, முட்டி அளவு தண்ணீரில் நின்றபடி, எம்பக்கமே நடத்தீட்டு வா அம்மிணி, எனக்கு இனிப் போறதுக்கு என்ன இருக்குது என்றார். பிறகு அந்த மனுஷி, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து, ரயிலைப் போலக் கூவினார். கூ என்று நீளமாக ஒன்று, நிறுத்தி, மறுபடி ஒன்று. வாயாலேயே தடக் தடக் என்று சக்கரமும் ஓட்டினார்.

அமலி திரும்பினாள். கையை நீட்டிக்கொண்டு கிழக்கே நடந்தாள்.

நான் அவளுக்குப் பின்னால் போனேன், தொடாமல். இதுவரை நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான், பெற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன். கண்ணெதிரே செந்நிறமாகச் சுழித்துக்கொண்டு பள்ளம், அதைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு என் குழந்தை. அப்போது ஒன்றைக் கவனித்தேன். பூவாத்தா அக்கா எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார், நிலைப்படியோடு, வீட்டோடு. தண்ணீர் மட்டும் வரவில்லை. அவள் எத்தனை அடி வைத்தாலும் அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த தூரம் இருந்தது இருந்தபடி இருந்தது. இத்தனை நாளும் அவளைத் தண்ணீருக்கு அருகே கொண்டுபோனது அவள் கால் இல்லை, தூக்கி வந்த எங்கள் கைகள்.

அக்காவின் வாசலுக்கு அவள் வந்து சேர்ந்தபோது, அடுக்களைத் தண்ணீர் பின்வாங்கி, சேறு தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். ஓடிக்கொண்டிருந்த மெஷினை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார், கையெல்லாம் எண்ணெய். குழந்தையைத் தூக்கினார். குப்புராஜ் அண்ணன் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, நகருங்க," என்றார் என் வீட்டுக்காரர். "வெளிய நின்னு பாக்காதீங்க. ஜாப் மேல எறும்பா நின்னு பாருங்க."

அவர் மேற்கே தூக்கிக்கொண்டு போய் விட, அவள் கிழக்கே நடக்க, பூவாத்தா அக்கா கூவ, அவள் களைத்தபோது நிறுத்தி, சோறூட்டி, தூங்கவைத்து, எழுந்து அவளாக இறங்கின பிறகு நடக்க விட்டு, மழை வெறித்த நாளில் எங்கள் சந்து பஸ் ஸ்டாப்புக்கு நேரெதிரே வந்து நின்றது. பள்ளம் தன் பழைய இடத்தில் அடங்கிப்போய், ஒன்றும் தெரியாதது போல ஓடியது. கண்டக்டர் சந்தைப் பார்த்துவிட்டு ஒரு விசில் அதிகமாக ஊதினார்.

நன்றி என்று யாராவது வந்து சொல்வார்கள் என்று நினைத்தேன். ஸ்பேனரோடு வந்தார்கள். வீதி சரியான இடத்துக்கு வந்தாகிவிட்டது, இனி அசையாமல் இருக்க இப்போதே நாற்காலியை முடுக்கிவிடலாம் என்றார்கள்.

என் ஆள்காட்டி விரல் உதட்டுக்குப் போகவில்லை. அதை நீட்டிப் பேசினேன்.

"போகும்போது அவ நடந்தா, வரும்போது நாம தூக்கினோம். என்னைக்காவது அவளத் திரும்பி நடக்க விட்டமா? ப்ளஸ்ல போன மெஷினை மைனஸ்ல வர விடாம, கையில தூக்கித் தூக்கி வெச்சுட்டு, மெஷின் கோளாறும்பீங்களா?"

குப்புராஜ் அண்ணன் ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். வாஸ்தவம்தான், ஆனால் திரும்பி வருவாள் என்று யார் உத்தரவாதம் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். அது உண்மை. இதை எழுதும்போது பக்கத்தில் தூங்குகிறாள், புரண்டு கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால் இப்போதும் எழுதுவதை விட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன், எனக்கு மட்டும் யார் கொடுத்தார்கள் உத்தரவாதம்.

அன்று சாயங்கால ரயிலுக்கு அமலியை எங்கள் மாடிப்படியடியில் இறக்கிவிட்டு, நான் அங்கேயே நின்றேன். கொலுசு கேட்டதும் பட்டறை பட்டறையாக மெஷின்கள் அடங்கின. எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். அவள் மேற்கே நடந்தாள், வீதி கிழக்கே போனது. பூவாத்தா அக்கா புதிதாக எழுப்பிய அரைச்சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, போகட்டும், போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். கோடியில் போய் நின்றாள். ரயில் வந்தது, கையசைத்தாள், ரயில் போனது. அவள் திரும்பவில்லை. குந்தி உட்கார்ந்து, கீழே கிடந்த இரும்புச் சுருள் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அது கையைக் கிழித்துவிடும்.

"தூக்கு அம்மிணி," என்றார் குப்புராஜ் அண்ணன். இந்தத் தடவை அதட்டவில்லை, கெஞ்சினார். "போயித் தூக்கிட்டு வந்துரு."

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். நகம் உள்ளங்கையில் இறங்கியது. 

சுருளைப் போட்டாள். எழுந்தாள். ரயில் போன பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு, யாரும் கூவாமல், யாரும் பன் காட்டாமல், தன் பாட்டுக்குத் திரும்பி நடந்தாள், டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு. அவள் காலடியில் வீதி அடி அடியாக மேற்கே வந்து, கடைசி அடிக்கு, நன்றாகச் செய்த கதவு சாத்திக்கொள்வது போலத் தன் இடத்தில் பொருந்தியது. டம்ளர்கள் ஒரு முறை சிணுங்கி ஓய்ந்தன.

என் காலருகே வந்து நின்று, இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

அப்போதுதான் தூக்கினேன். வீதி அசையவில்லை.